தைத்து மூடிய பை

எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய அலமாரியில், குடைகளுக்கும் என் மகள் எப்போதோ விட்டுப்போன மழைச்சட்டைக்கும் நடுவில், ஒரு கரும்பச்சைக் கோட்டு தொங்குகிறது. முழங்கால் வரை இறங்கும் கனத்த கோட்டு. என் கணவர் அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தில் பல் தந்தியடிக்கக் கடைக்கு ஓடிப்போய் வாங்கியது. மூன்றே வருடத்தில் அவருக்குத் தொப்பை விழுந்து பொத்தான் எட்டாமல் போய்விட்டது. அதன் பிறகு நாலு குளிர்காலம் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தவர் சாமியண்ணன். போட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அதன் இரண்டு பக்கப் பைகளின் வாயையும் கறுப்பு நூலால் தைத்து மூடிவிட்டார். ஒப்புக்குப் போட்ட தையல் இல்லை. நெருக்க நெருக்கமாக, முடிச்சுப் போட்டு இறுக்கியது.

சாமியண்ணன் என் கூடப் பிறந்த அண்ணன். என்னை விட ஏழு வயது மூத்தவர். தூத்துக்குடியில் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு துறவற சபையில் சேர்ந்தார். பழுப்பு அங்கியும், இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறும் கட்டுகிற சபை. சேரும்போது கொடுக்கிற மூன்று வார்த்தைப்பாடுகள் அவை: ஏழ்மைக்கு ஒரு முடிச்சு, கற்புக்கு ஒன்று, கீழ்ப்படிதலுக்கு ஒன்று. குருப்பட்டம் வாங்கிய அன்று எங்கள் அம்மா அவர் காலில் விழுந்தாள். மறுநாள் காலையில், "சாமி, காப்பி குடிக்கியளா?" என்று கேட்டாள், பெற்ற பிள்ளையை. எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் அதுதான் வழக்கம். நானும் அன்றிலிருந்து 'நீங்க' போட ஆரம்பித்தேன். 'போடா'வும் 'வாடா'வுமாக அடித்துக்கொண்ட அண்ணனை ஒரே நாளில் உயரத்தில் தூக்கி வைத்தாகிவிட்டது. அப்படித் தூக்கி வைத்த ஆளிடம் சொந்தக் கஷ்டம் எதையும் கேட்கத் தோன்றாது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் மேற்படிப்புக்காக அவரைச் சபை நியூ ஜெர்சிக்கு அனுப்பியது. நாங்கள் அப்போது பிளெய்ன்ஸ்பரோவில், ஒரே மாதிரி நூறு கட்டடங்கள் நிற்கும் அபார்ட்மெண்டில் இருந்தோம். அவருடைய பல்கலைக்கழகம் பக்கத்து ஊர். ஒரு பங்குக் கோயிலில் பூசைக்கு உதவி செய்துகொண்டு அங்கேயே சாமிமார்களோடு தங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் நவம்பரில் மெல்லிசு ஸ்வெட்டரோடு வந்து நின்றவரைப் பார்த்து என் கணவர் இந்தக் கோட்டை எடுத்து நீட்டினார்.

"வெச்சுக்கோங்க சாமி, எனக்குப் பத்தல."

"வெச்சுக்கிட மாட்டேன் மாப்ள. போட்டுக்கிடுதேன்" என்றார் சாமியண்ணன்.

வெறும் பேச்சில்லை அது. ஏப்ரலில் வெயில் வந்த முதல் ஞாயிறு அன்று, துவைத்துக் காயப்போட்டு, எங்கள் அலமாரியிலேயே கொண்டுவந்து மாட்டினார். அடுத்த நவம்பரில் வாசலில் நின்று, "எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். என் கணவர் சென்னைக்காரர், கிண்டலுக்குக் கேட்கவா வேண்டும். "வருஷா வருஷம் என் கோட்டுக்கு என்கிட்டயே அப்ளை பண்றார்டீ உங்கண்ணன். ஏன் சாமி இவ்ளோ காம்ப்ளிகேட் பண்றீங்க?" என்பார்.

சாமியண்ணனின் ஆராய்ச்சியே அதுதான். எழுநூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் அவருடைய சபையின் ஆதித் துறவிகள் நடத்திய ஒரு வழக்கு. சேசுவும் அவருடைய சீடர்களான அப்போஸ்தலர்களும் தனியாகவும் சரி, கூட்டாகவும் சரி, எதையும் சொந்தமாக வைத்திருக்கவில்லை, நாங்களும் அப்படியே இருப்போம் என்றார்கள் அவர்கள். சரி, சாப்பிடுகிற ரொட்டி? படுக்கிற கூரை? எல்லாம் போப்பாண்டவருக்குச் சொந்தம், நாங்கள் உபயோகிக்க மட்டும் செய்கிறோம். அந்த உபயோகத்துக்குக்கூட எங்களுக்கு உரிமை கிடையாது. கொடுத்தவர் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவோம், கோர்ட்டுக்குப் போக மாட்டோம். இப்படி ஒரு ஏற்பாடு பல காலம் நடந்தது. பிறகு வந்த ஒரு போப்பாண்டவர், இந்த விளையாட்டெல்லாம் எனக்கு வேண்டாம், உங்கள் சொத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பித் தள்ளிவிட்டார். தின்றதும் தீர்ந்துபோகிற ரொட்டியில் உபயோகம் எது, உரிமை எது என்று எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டார். கிழிசல் அங்கியை மாற்ற மாட்டோம், தானியத்தைச் சேர்த்து வைக்க மாட்டோம் என்று அடம்பிடித்த சிலரை உயிரோடு எரித்தே விட்டார்கள்.

இதையெல்லாம் அவர் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இட்லியை வைத்துக்கொண்டு விளக்குவார். "இப்ப இந்த இட்லி இருக்கு. தட்டுல இருக்கையில உன்னுது. நான் தின்ன பெறவு யாருது?" நான் சட்னியை ஊற்றிக்கொண்டே, "தின்ன பெறவு அது யாருக்கும் வேண்டாம், பேசாமத் தின்னுங்க" என்பேன். கூரை அதிரச் சிரிப்பார். நாலு வயசு என் மகள் ஒருநாள் அவர் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டாள். "மாமா, தட்ஸ் நாட் யுவர் கோட். இட்ஸ் அப்பாஸ்!" நான் வெட்கத்தில் அவள் வாயைப் பொத்தினேன். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "நூறு வருஷமா இழுத்த வழக்கை ரெண்டே வார்த்தையில தீத்துட்டாளே!" என்று அவளைத் தூக்கிச் சுற்றினார்.

பைகளைத் தைத்ததைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். பனியில் கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து, விரலெல்லாம் சிவந்து வீங்கிப்போய் வந்து நின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே திட்டினேன்.

"பை இருந்தா கை தன்னால போகும்ட்டி," என்றார். "கை போனா அதுல என்னத்தையாவது வைக்கத் தோணும். வெச்சா எனக்குன்னு சொல்லத் தோணும். அந்தக் காலத்துலயே பெரிய சண்டை இதுக்கு. சேசுவோட சீடன் யூதாசு கையில பணப்பை இருந்துச்சுலா, அப்பச் சேசுவுக்குச் சொத்து இருந்துச்சுன்னுதானே அர்த்தம்னு எதிர்க்கட்சிக்காரன் மடக்குனான்."

"சேசுவுக்கு இந்தக் குளிரு கிடையாதுல்லா" என்றேன். அதற்கும் சிரித்தார்.

இப்படியே மூன்று வருடம் போனது. அம்மா முன்பே போய்விட்டாள். தொண்ணூற்று ஆறு கடைசியில் அப்பாவும் இறந்தார். தூத்துக்குடி வீடு எங்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. சாமியாராகப் போன பிள்ளையின் பங்கு, கூடப் பிறந்தவர்களின் பங்கோடு தானாகச் சேர்ந்துவிடும். அவரிடம் கேட்கக்கூட மாட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அபார்ட்மெண்டிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்றுக்கு நாங்கள் முன்பணம் கட்டிவிட்டோம். மீதிக்குத் தூத்துக்குடி வீட்டைத்தான் நம்பியிருந்தோம். ஊரிலிருந்த சித்தப்பா அதை வாங்க ஆளும் பார்த்துவிட்டார். அப்போதுதான் வக்கீல் சொன்னார், சாமியாராக இருந்தாலும் சட்டப்படி வாரிசு வாரிசுதான், அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும், நியூயார்க்கில் நம் தூதரக அலுவலகத்தில் போய் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று.

ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். சாமியண்ணன் மூன்று ஞாயிற்றுக்கிழமை இழுத்தடித்தார்.

"விட்டுக்கொடுக்கேன்னு எழுதணும்னா, மொதல்ல எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கிடணும்லா" என்றார். "வார்த்தைப்பாடு குடுத்தப்பவே எல்லாத்தையும் விட்டாச்சு. விட்டதை இன்னொரு மட்டம் எப்படி விட? அந்தப் போப்பாண்டவர் செஞ்ச வேலையைத்தான் உங்க வக்கீலும் செய்யுதாரு. வேண்டாங்கிறவன் கையில சொத்தைத் திணிக்காரு."

முதல் ஞாயிறு சிரித்தேன். இரண்டாம் ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். மூன்றாம் ஞாயிறு, பத்திரத்தை மேஜையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நான் வெடித்துவிட்டேன்.

"சாமியண்ணே, செத்துப்போன சாமியாருங்க வழக்கு எனக்கு எதுக்கு? எனக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள கையெழுத்து வேணும். வீட்டு மேல ஆசை இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. புத்தகத்துக்குப் பின்னாடி ஒளியாதிய."

என் கணவர், "ஏய், என்ன பேசற நீ?" என்று அதட்டினார். சாமியண்ணன் அவரைக் கையமர்த்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரத்தை மடித்து வைத்தார். பிறகு, "சரிட்டி. என்னைக்குப் போகணும்?" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறினோம். மார்ச் மாதம், தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் அழுக்குப் பனி. நான் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கோட்டின் இடது பக்கத்தில் நகத்தால் எதையோ நிமிண்டிக்கொண்டே வந்தார். நூல் பிசிறுகள் அவர் மடியில் விழுந்து கிடந்தன. பதற்றம் போல என்று நினைத்து, "சும்மா இருங்க, கோட்டு பிஞ்சு போகும்" என்றேன். கையை எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் வரிசையில் நின்று, அவர் முறை வந்ததும், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அதிகாரி அங்கியையும் கயிற்றையும் பார்த்து மரியாதையாக எழுந்து நின்று பத்திரத்தைக் கொடுத்தார்.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு ஒரே குஷி. புது வீட்டுச் சமையலறை மேடைக்கு என்ன நிறத்தில் கல் போடலாம் என்றெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டு வந்தேன். நியூவார்க் தாண்டியதும் அவர் சொன்னார்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கட்டுமா? நம்ம மாடி ரூம்பு இருக்குலா, நான் இருந்து படிப்பேனே. அதை மட்டும் விக்காம விட முடியுமா? எம்பேர்ல வேண்டாம். சாவி ஒண்ணு எங்கிட்ட இருந்தாப் போதும்."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "சாமியாருக்கு எதுக்கு சாமியண்ணே ரூம்பு? போற ஊர்லெல்லாம் உங்களுக்கு மடம் இருக்கு."

அவரும் சிரித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

பிளெய்ன்ஸ்பரோ வந்ததும் வீட்டுக்குள் வந்து காப்பி குடித்தார். கிளம்பும்போது கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டினார். "இன்னும் குளிரு விடலையே" என்றேன். "விட்டாச்சு, விட்டாச்சு" என்று ஸ்வெட்டரோடு இறங்கிப் போனார். பார்க்கிங்கில் பனி முட்டளவு ஒதுக்கிக் குவித்துக் கிடந்தது. அதற்கு நடுவில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நடந்துபோனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். கோபித்துக்கொண்டாரோ என்று ஒரு கணம் உறுத்தியது. அப்புறம் தொலைபேசி அடித்தது, சித்தப்பா. கையெழுத்து ஆயிற்று என்று சொல்லும் அவசரத்தில் ஓடிவிட்டேன்.

ஜூலையில் அவர் சபையை விட்டு வெளியே வந்தார். படிப்பும் போயிற்று, விசாவும் போயிற்று. எங்கள் வீட்டுக்குச் சாதாரணப் பேண்ட் சட்டையில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஜெபம் பண்ண உக்காந்தா வாயில வார்த்தை வரலட்டி. ரெண்டு வருஷமா வரல. வராததை வச்சுக்கிட்டு எத்தனை நாள் பூசை வைக்க?"

ரெண்டு வருஷமா. அப்படியென்றால் இட்லியை வைத்துக்கொண்டு எங்களைச் சிரிக்க வைத்த நாளிலும் வரவில்லை. தூதரகத்தில் அங்கியோடு நின்ற அன்றும் வரவில்லை. மடங்கள் எல்லாம் தனக்கு மூடிக்கொண்டிருக்கின்றன என்பது தெரிந்துதான் ரயிலில் ஒரு அறை கேட்டிருக்கிறார். இது அப்போதே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நான் முதலில் சொன்ன வார்த்தை, "ஊர்ல என்ன சொல்லுவாங்க?" அதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "இனிமே வெறும் அண்ணன்னே கூப்பிடுட்டி" என்றார். எனக்கு அதுவும் வரவில்லை. கடைசி வரை சாமியண்ணே என்றே கூப்பிட்டேன்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துப் பேசினார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாராம். ரூம்பு கிடைத்திருக்கிறதாம். "காத்து நல்லா வருது" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு காலிங் கார்டு போட்டு அவருடைய பக்கத்துக் கடை நம்பருக்குக் கூப்பிடுவேன். நான்கு படுக்கையறை வீட்டைப் பற்றி, மகள் ஸ்கூலைப் பற்றிச் சொல்லுவேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சந்தோசம்ட்டி" என்பார். அவரிடம் கேட்பதற்கு எனக்கு எந்தக் கேள்வியும் தோன்றியதில்லை. மூன்று வருடம் இப்படிப் பேசினோம்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை சித்தப்பா கூப்பிட்டார். சாமியண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் இறந்துவிட்டார், நெஞ்சுவலி. லாட்ஜிலா என்று கேட்டேன். அவர் ரூம்பில் இல்லையா?

"மூணு வருஷமா நம்ம வீட்டு மாடியிலதானம்மா வாடகைக்கு இருந்தாரு" என்றார் சித்தப்பா. "வாங்குனவரு கீழே குடோன் போட்டுக்கிட்டு மாடியை அவருக்கு விட்டிருந்தாரு. உனக்குத் தெரியாதா? போன மாசம் இடிச்சுக் கடை கட்டணும்னு சொல்லிட்டாங்க. சொன்ன அன்னைக்கே காலி பண்ணிட்டாரு. அவங்களே ரெண்டு மாசம் இருங்கன்னாங்க, கேக்கலையே."

நான் அடுப்பை அணைத்தேனா என்று ஞாபகமில்லை. சமையலறையில், அந்த வீட்டை விற்று வாங்கிய வீட்டின் சமையலறையில், நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த கல்லின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா வீட்டில், தன் பாதி வீட்டில், வாடகைக்காரராக இருந்திருக்கிறார். போ என்றதும் எழுந்து போய்விட்டார், அந்தப் பழைய துறவிகள் சொன்ன மாதிரியே. ஜெபம் அவரை விட்டுப் போன பிறகும் அந்த ஒரு முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை. இல்லை, ஒரே ஒரு தடவை அவிழ்க்கப் பார்த்தார். ரயிலில், என்னிடம்.

கொஞ்சம் தெளிந்ததும் அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்தேன். வீடு மாறும்போது பெட்டியிலிருந்து அப்படியே எடுத்து மாட்டியது, நாலு வருடமாக யாரும் தொடவில்லை. முகத்தை அதில் புதைத்துக்கொள்ளத்தான் எடுத்தேன். வலது பக்கப் பை தைத்தபடியே இருந்தது. இடது பக்கம் தையல் இல்லை. நூலை நகத்தாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்திருந்தார், துணியில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. என் கை தன்னால் உள்ளே போனது. ஒன்றுமில்லை. ஒரு சாவி வைக்கிற இடம்தான் இருந்தது.

அன்றைக்கு எங்கள் வாசல் கதவின் மாற்றுச் சாவியை எடுத்து அந்தப் பைக்குள் போட்டேன். அதன் பிறகு இரண்டு முறை பூட்டை மாற்றிவிட்டோம். மாற்றும்போதெல்லாம் பழைய சாவியை எடுத்துவிட்டுப் புதுச் சாவியைப் போடுகிறேன். மாடியில் மூன்று அறைகள் சும்மா கிடக்கின்றன.

போன மாதம் மகள் வந்திருந்தாள். வீட்டில் அடைசல் அதிகமாகிவிட்டது என்று அலமாரியைக் காலி செய்ய உட்கார்ந்தாள். கோட்டை எடுத்து உதறி, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அம்மா, இது அப்பாவோட ஓல்டு கோட்தானே? டொனேட் பண்ணிடலாமா?"

"அப்பாவோடது இல்ல," என்றேன். "உங்க மாமாவோடது. பையில சாவி இருக்கும், கீழ விழாமப் பாத்து மாட்டு."